ஜூசி சாலிஃப்

ஜூசி சாலிஃப் என்பது எலுமிச்சை பிழியும் கருவி. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்தது. இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனம் 1990 முதல் தயாரிக்கிறது. அலுமினிய வார்ப்பில் செய்து கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டது, உயரம் ஏறத்தாழ 29 செ.மீ. முழங்கால் மடங்கிய மூன்று நெடிய கால்கள்; அவற்றுக்கு நடுவே, கீழ்முனை கூம்பிய துளிபோல் ஓர் உடல்; அதில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்கள். முதன்முறை பார்ப்பவருக்குச் சிலந்தி நினைவு வரும், ராக்கெட் நினைவு வரும். எலுமிச்சை வருவது அரிது.

அலெஸ்ஸி ஸ்டார்க்கிடம் கேட்டிருந்தது ஒரு பரிமாறும் தட்டை. டஸ்கனிக் கரைக்கு அப்பாலுள்ள கப்ராயா தீவில் விடுமுறையில் இருந்த ஸ்டார்க், கணவாய்க் கறிமேல் எலுமிச்சை பிழிந்தபோது யோசனை மாறியது. உணவகத்தின் காகித நாப்கினிலேயே வரைந்து அனுப்பிவிட்டார். தக்காளிச் சாறு பட்டதுபோன்ற கறைகளுக்கிடையே, கணவாயாகத் தொடங்கும் கோடுகள் படிப்படியாகப் பிழிகருவியாக மாறுவதை அதில் காணலாம்.

கால்களுக்கு நடுவே டம்ளரை வைத்து, பாதி எலுமிச்சையை உச்சியில் கவிழ்த்து அழுத்தித் திருக வேண்டும். சாறு பள்ளங்கள் வழியே கூர்முனைக்கு இறங்கி டம்ளரில் சொட்டும். சொல்லும்போது அழகுதான். ஆனால் வடிகட்டி இல்லாததால் விதையும் சக்கையும் கூடவே விழும். கொஞ்சம் சாறு காலில் வழிந்து மேடையை நனைக்கும். இன்னொரு கையால் காலைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் கருவியும் சேர்ந்து சுழலும். பத்து ரூபாய் பிளாஸ்டிக் பிழிவான் இதைவிட ஒழுங்காக வேலை செய்யும் என்பதை மறுப்பது கடினம்.

உரிமையாளருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே விவகாரம்: புளிப்பு அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் பளபளப்பு மங்கும். பிழிந்த கையோடு தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்பும் பகை. பழத்தையே தொடாமல் வைத்திருந்தாலும் வேலை தீராது. விரல் பட்ட இடமெல்லாம் ரேகை தெரியும்.

10ஆம் ஆண்டு நிறைவுக்காக 2000இல், வரிசை எண் பொறித்த 10,000 பிரதிகள் தங்கமுலாம் பூசி வெளிவந்தன. அமிலம் பட்டால் முலாம் கெடும், ஆகவே பிழியப் பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பாளரே எச்சரித்தார்.

ஒழுங்காகப் பிழியாத இந்தக் கருவிக்கு ஸ்டார்க் சொன்ன நியாயம் வேறு. புதுமணத் தம்பதி வீட்டுக்கு மாப்பிள்ளையின் பெற்றோர் விருந்துக்கு வருகிறார்கள். ஆண்கள் கால்பந்து பார்க்கப் போய்விட, சமையலறையில் மாமியாரும் மருமகளும் முதன்முறையாகத் தனியே நிற்கிறார்கள். அந்த இறுக்கத்தில் பேச்சைத் தொடங்கிவைக்கத்தான் இந்தப் பொருள் என்றார். மாமியார் விவகாரத்துக்குத் தேசமில்லை போலும்.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் இது உண்டு. பயன்பாட்டுக்கு உதவாத வடிவமைப்புகளைக் கண்டித்தே பெயர் பெற்ற அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மனும் ஒரு தங்கமுலாம் பிரதி வாங்கினார். அதை வைத்த இடம், வீட்டின் நுழைவாயில்.