கோலாலம்பூர் அணியும் மாஸ்கோ அணியும்



ஓர் அணி ஒருமுறை வாகை சூடிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வோர் அணியையும் அதன் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பது மக்கள் வழக்கம். அன்று கோல் காத்தவர் யார், இன்று காப்பவர் யார் என்று பெயருக்குப் பெயர் வைத்து எடைபோடுவார்கள். நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் பணியாற்றிய எனக்கு இது புதிதன்று. "போன வருஷத்துப் பத்தாம் வகுப்பைப் போல இந்த வருஷம் இல்லையே, ஐயா" என்று ஆசிரியர்கள் ஜூன் மாதமே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகள் புத்தகத்தை விரித்துக்கூட இருக்கமாட்டார்கள்! இத்தகைய ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் நாட்டு ஹாக்கி வரலாற்றின் இரண்டு அணிகளைக் கொண்டு இன்று ஆராய விரும்புகிறேன். ஒன்று 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணி. மற்றொன்று 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணி.

முதலாவது அணிக்குத் தலைவர் அஜித்பால் சிங். கோல் காத்தவர் அசோக் திவான். பின்வரிசையில் சுர்ஜித் சிங், மைக்கேல் கிண்டோ. முன்வரிசையில் கோவிந்தா, ஹர்சரண் சிங், தியான் சந்தின் மகன் அசோக் குமார். வலப்புற ஓரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு விரைந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ். மூன்று ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்ற மூத்த பல்பீர் சிங் அணியின் மேலாளராகச் சென்றிருந்தார். அரையிறுதியில் மலேசியாவிடம் தோல்வி உறுதி என்றிருந்த வேளையில், மாற்று ஆட்டக்காரராக இறக்கப்பட்ட அஸ்லம் ஷேர்கான் பெனால்டி கார்னரில் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார். அஸ்லமின் தந்தையும் அசோக் குமாரின் தந்தையும் 1936ஆம் ஆண்டு பெர்லினில் ஒரே அணியில் ஆடியவர்கள் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மார்ச் 15ஆம் நாள் இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது. அசோக் குமார் அடித்த பந்து கோல் சட்டத்தின் மூலையில் பட்டு வெளியே திரும்பியதால் அது கோலா அன்றா என்று பாகிஸ்தானியர் வாதிட்டனர். நடுவர் கோல் என்றார். கோப்பை நமக்கு வந்தது.

அந்நாளில் நான் பள்ளி மாணவன். குயிலாப்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. வருணனை ஹிந்தியில் வந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. பெயர்கள் மட்டும் காதில் விழும். "பிலிப்ஸ்" என்ற பெயர் வரும்போதெல்லாம் எங்களுக்குத் தனி உற்சாகம். மறுநாள் முதல் முந்திரித் தோப்பின் ஓரத்துச் செம்மண் வெளியில் பனைமட்டையைச் சீவி வளைகோலாக்கி நாங்களும் ஆடத் தொடங்கிவிட்டோம்.

இப்பொழுது ஒரு வினா. இந்த 1975ஆம் ஆண்டு அணி அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது என்ன ஆயிற்று? தலைவர் அதே அஜித்பால் சிங். சுர்ஜித், அஸ்லம், அசோக் குமார், கோவிந்தா, பிலிப்ஸ், ஹர்சரண், திவான் என்று பாதிக்கு மேற்பட்டோர் அதே பெயரினர். பட்டியலை மட்டும் பார்த்தவர் தங்கம் நமக்கே என்று எழுதியிருப்பார். ஆனால் ஹாலந்திடம் 1-3 என்றும், ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்றும் தோற்று, இந்தியா ஏழாம் இடத்தை அடைந்தது. 1928 முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் ஏதேனும் ஒரு பதக்கம் கொண்டுவந்த நாடு வெறுங்கையோடு திரும்பியது அதுவே முதல் முறை.

பெயர்கள் மாறவில்லை; தரை மாறிவிட்டது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது மாண்ட்ரியலில்தான் முதன்முதலாக. இதன் பொருளை உணர எங்கள் ஊர்ச் செம்மண்ணையே உவமையாகக் கொள்ளலாம். மேடு பள்ளமான தரையில் பந்து நேராக வருவதில்லை. துள்ளும், திரும்பும், சில வேளை நின்றே போகும். ஆகவே ஆடுகிறவன் பந்தைக் கோலின் முனையிலே கட்டி வைத்தாற்போல் வைத்துக்கொண்டு, மணிக்கட்டின் நெளிவினால் எதிரியை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறான். இயற்கைப் புல்லில் வளர்ந்த இந்திய ஆட்டக்காரரின் கலை அத்தகையது. செயற்கைத் தரையிலோ பந்து கோடு கிழித்தாற்போல் வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே நின்று வித்தை காட்ட நேரமில்லை. வலுவாக அடிப்பவனும் இறுதிவரை ஓடக்கூடிய மூச்சுடையவனுமே மேலோங்குவான். நம்மவர் பல்லாண்டு பழகிய கை அங்கே பாதி மதிப்பிழந்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும் தரையின் தலையில் போட்டுவிடுவதை நான் ஒப்பமாட்டேன். புல்லிலே வளர்ந்த பாகிஸ்தான் அதே மாண்ட்ரியலில், அதே தரையில், வெண்கலம் வென்றது. தோல்விக்கு ஒரே காரணம் கிடைத்துவிட்டால் மற்றக் காரணங்களைத் தேடும் உழைப்பு மிச்சமாகிறது. அதனால்தான் அதனை எல்லாரும் விரும்புகிறார்கள்.

இனி மாஸ்கோவுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியா ஆறாம் இடத்தோடு நின்றது. 1980இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அணியைக் கோலாலம்பூர் அணியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: அந்த 16 பேரில் ஒருவர்கூட இந்த 16 பேரில் இல்லை. மாண்ட்ரியல் சென்றவர்களிலும் எஞ்சியவர் இருவரே. ஒருவர் கோல் காப்பாளர் பீர் பகதூர் சேத்ரி. மற்றவர் அணித் தலைவராக உயர்ந்த தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். சுரிந்தர் சிங் சோதி, ஜாபர் இக்பால், மெர்வின் பெர்னாண்டிஸ், கௌசிக், சோமையா, சில்வானஸ் டுங்டுங், முகம்மது ஷாகித் ஆகியோர் அனைவரும் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள்.

இந்தப் புதியவர்கள் டான்ஸானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் வென்றார்கள். போலந்தோடும் ஸ்பெயினோடும் 2-2 என்று சமன் செய்தார்கள். சோவியத் ஒன்றியத்தை 4-2 என்று வென்றார்கள். ஜூலை 29ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் ஸ்பெயின். சோதி இரண்டு கோல்களும், கௌசிக்கும் ஷாகித்தும் ஒவ்வொரு கோலும் போட, எதிர்ப்பக்கம் ஹுவான் அமாத் என்பவர் ஒருவரே மூன்று கோல்களைத் திருப்பி அடித்தார். 4-3. இன்றளவும் இந்திய ஹாக்கி பெற்ற கடைசி ஒலிம்பிக் தங்கம் அதுவே.

அப்படியானால் மாஸ்கோ அணி கோலாலம்பூர் அணியைவிட உயர்ந்ததா? இங்கேதான் மூன்றாவது பட்டியல் ஒன்றை நாம் படிக்க வேண்டியிருக்கிறது. அது வராதவர்களின் பட்டியல். 1979ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா முதலிய பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. அதனால் 1978இன் உலகச் சாம்பியனான பாகிஸ்தான் வரவில்லை. ஹாலந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் ஹாக்கி அணிகள் வரவில்லை. மாண்ட்ரியலில் தங்கம் பெற்ற நியூஸிலாந்து அணியும் வரவில்லை. ஆடவர் போட்டியில் ஆடியவை ஆறே அணிகள். அதே மாஸ்கோவில் மகளிர் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டு, காலியான இடத்துக்கு அவசரமாகத் திரட்டி அனுப்பப்பட்ட ஜிம்பாப்வே அணி தங்கம் வென்றதும் வரலாறு. நம் மகளிர் அணி நான்காம் இடம் பெற்றது.

"எட்டுத் தங்கம்" என்று பெருமையோடு எழுதும் பாடநூல்கள் வராதவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. அதைக் குறையாகவே கருதுகிறேன். அதேபோல, "ஆளில்லாத களத்தில் அடித்த தங்கம்" என்று ஏளனமாகப் பேசுவோரையும் நான் ஏற்பதில்லை. ஸ்பெயின் 1971ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை வந்த நாடு. மாஸ்கோவில் அதனை வெல்ல நம்மவர் இறுதிவரை போராட வேண்டியிருந்தது. வந்தவர்களோடுதானே பாஸ்கரனின் அணி ஆட முடியும்? பதக்கத்தின் மதிப்பு வேறு, அணியின் வலிமை வேறு. முன்னது குறையாது; பின்னதை அளக்க வேறு களம் வேண்டும். அந்தக் களம் 1982இல் வந்தது. பம்பாயில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. தில்லி ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றது.

உங்கள் காலத்துக்கு வருகிறேன். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று இந்திய ஆடவர் அணி வெண்கலம் பெற்றது. 2024ஆம் ஆண்டு பாரிஸுக்குச் சென்ற 16 பேரில் 11 பேர் டோக்கியோவில் ஆடியவர்கள். அபிஷேக், சுக்ஜீத் சிங், ஜர்மன்பிரீத் சிங், சஞ்சய், ராஜ்குமார் பால் ஆகிய ஐவர் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள். இம்முறை வலிய நாடுகள் யாவும் களத்தில் இருந்தன. தரையும் நம்மவர் சிறுவயது முதல் பழகிய செயற்கைத் தரையே. 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் வெல்ல முடியாதிருந்த ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்று, மாஸ்கோவில் போலவே கடைசியாக ஸ்பெயினை எதிர்கொண்டு, 2-1 என்று வெண்கலம் வென்றார்கள். 1968, 1972 என அடுத்தடுத்து இரு பதக்கம் பெற்றபின் அப்பேறு மீண்டும் கிட்டியது அப்பொழுதுதான். இரண்டு பட்டியல்களிலும் முதலில் கண்ணில் படும் பெயர் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ். பாரிஸோடு அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த ஒலிம்பிக்குக்கு நீங்கள் எழுதி வைத்து ஒப்பிடப்போகும் பட்டியலில் அந்தப் பெயர் இராது.