கவிழ்ந்த படகும் திறந்த மூக்கும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கயாக் கிராஸ் என்ற போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. உயரமான சரிவுமேடையிலிருந்து நான்கு படகுகள் ஒரே நேரத்தில் நுரைபொங்கும் நீரில் குதிக்கும். வழியில் குறிக்கப்பட்ட ஓரிடத்தில் ஒவ்வொரு வீரரும் படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து, முழுச் சுற்றுச் சுற்றி மேலே எழ வேண்டும். எழாதவர் தண்டனைக்கு உள்ளாவார். இங்கே கவிழ்வது ஆட்டத்தின் ஓர் அங்கம். அப்படியிருந்தும் தலைக்கவசத்தையும் மிதவைச் சட்டையையும் கட்டாயமாக்கிய விதிகள், மூக்கை மூடுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அந்தத் தேர்வை எந்த அடிப்படையில் செய்துகொள்வது?

படகோட்டிகளிடையே வழங்கும் பதில், ஆறு எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்தது. பெரிய ஆறு என்றால் மூக்குக் கிளிப்பை மாட்டு, சிறிய ஆறு என்றால் வேண்டாம். இது தவறான அளவுகோல். தலை எவ்வளவு நேரம் நீருக்கடியில் இருக்கப்போகிறது, அந்த நீர் எத்தகையது என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மூக்குக் கிளிப் முதலில் தேவைப்படுவது கயாக்காரருக்கு அல்ல, ஒற்றை அலகுத் துடுப்போடு மண்டியிட்டு ஓட்டும் கேனோக்காரருக்கு.

நீந்துபவரின் முகம் கீழ்நோக்கியிருக்கிறது; மூக்கினுள் அடைபட்ட காற்று நீரை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. தலைகீழாகத் தொங்குபவரின் மூக்குத் துவாரங்களோ மேல்நோக்கித் திறந்திருக்கின்றன. காற்று குமிழியாக வெளியேற, நீர் தடையின்றி மூக்கின் பின்புறம்வரை இறங்கிவிடுகிறது. உடல் திரவங்களின் உப்புத்தன்மை ஏறக்குறைய 0.9 சதவீத உப்புக் கரைசலுக்கு இணையானது. உப்பில்லாத ஆற்றுநீர் மூக்கின் சவ்வில் பட்டதும் சுரீரென்று எரிவது அதனால்தான். உள்ளே தேங்கிய நீர், கரையேறிச் சில மணி நேரம் கழித்துக் குனியும்போது கொட்டுவதையும் ஆற்றில் படகு விடுபவர்கள் நன்கு அறிவார்கள்.

மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் நீர் ஏறாது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஓரிரு நொடிகளில் எழுந்துவிடும் கயாக்காரருக்கு அது போதும். ஆனால் வெளிவிடும் ஒவ்வொரு மூச்சும் கையிருப்புக் காற்றைக் குறைக்கிறது. முதல் முயற்சி தவறி, இரண்டாவதும் தவறினால் அந்தக் கையிருப்புத்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

கேனோக்காரரின் நிலை இன்னும் கடினம். கயாக் துடுப்புக்கு இரு முனைகளிலும் அலகு உண்டு. எந்தப் பக்கத்திலும் எழலாம். கேனோ துடுப்புக்கு ஒரே அலகு. வழக்கமாக வலப்பக்கம் துடுப்புப் போடுபவர் எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும், துடுப்பையும் உடலையும் வலப்பக்கத்து நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே பொதுவாக எழ முடிகிறது. மேற்பரப்பு மூடாத திறந்த கேனோவில் படகு நீரை அள்ளிக்கொள்கிறது. காற்றுப் பைகள் பொருத்தியிருந்தாலும் அதைச் சுழற்றி எழுப்புவது நிதானமான வேலை. தலை நீருக்கடியில் இருக்கும் நேரம் கூடக்கூட, திறந்த மூக்கின் விலையும் கூடுகிறது.

அந்த விலை வெறும் எரிச்சல் அன்று. மூக்கில் நீர் ஏறியவர் நிதானத்தை இழக்கிறார். நிதானம் இழந்தவர், படகோடு சுழன்று எழும் ரோல் முயற்சியைக் கைவிட்டுப் படகிலிருந்து வெளியேறி நீந்துகிறார். பாறை இடுக்கில் கால் சிக்குவது, விழுந்த மரக்கிளைகளில் உடல் மாட்டிக்கொள்வது போன்ற உயிர் பறிக்கும் ஆபத்துகள் பல நீந்தும் அந்த நேரத்தில்தான் காத்திருக்கின்றன. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுப்பதுதான் கிளிப்பின் வேலை. அதைச் சொகுசுப் பொருளாகக் கருதுவோர் இந்தத் தொடர்ச்சியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கான சான்று ஆற்றிலேயே இருக்கிறது. ஸ்க்வர்ட் என்ற தட்டையான சிறு படகுகளில் வருபவர்கள், நீரோட்டத்தைப் பயன்படுத்தி வேண்டுமென்றே படகோடு முழுவதும் மூழ்கி, நீருக்கடியில் சுழன்றபடி சென்று வேறோரிடத்தில் எழுகிறார்கள். அவர்களிடையே கிளிப் இயல்பான உடைமை. 45 நொடிக்குள் அடுத்தடுத்துக் குட்டிக்கரணம் போடும் ஃப்ரீஸ்டைல் வீரர்கள் பலரும் அதை அணிகிறார்கள். தொங்கும் கம்ப வாயில்களினூடே விரையும் ஸ்லாலோம் வீரர்களிடம் அது அவ்வளவாகத் தென்படுவதில்லை. கவிழாமல் இருப்பதே அவர்கள் நோக்கம். யாருக்கு எவ்வளவு தேவை என்பதை அனுபவம் ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கிறது.

எதிர்வாதங்களில் முதலாவது மூச்சைப் பற்றியது. மூக்கை மூடிக்கொண்டு கடும் உழைப்பு எப்படிச் சாத்தியம்? சுவாசப் பாதையின் மொத்தத் தடையில் ஏறக்குறையப் பாதி மூக்கில்தான் இருக்கிறது. உழைப்பு ஏறி, மூச்சின் அளவு நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலானோர் தாமாகவே வாயையும் சேர்த்துச் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே பாய்ச்சலின் நடுவே மூக்கை மூடுவதால் இழப்பது குறைவு. அமைதியான நீரில் வெகுதூரம் செல்லும்போது நிலைமை வேறு. அங்கே கிளிப் தொல்லைதான், கழற்றித் தலைக்கவசத்தில் தொங்கவிட வேண்டியதுதான்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. பெரிய அலை முகத்தில் அறைந்தால் கிளிப் கழன்றுவிடும். அதையே நம்பிப் பழகியவர், அது இல்லாத முதல் கவிழ்விலேயே திணறிப்போவார். அதோடு, குளிர்ந்த நீர் உடலில் பட்டதும் எழும் மூச்சுத் திணறலைக் கிளிப்பால் தடுக்க இயலாது. அந்தத் திணறல் வாய் வழியாகவும் நீரை இழுக்கும். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு, கிளிப்பை ஒதுக்கவேண்டும் என்பதன்று. பயிற்சியை இரு கட்டமாக்க வேண்டும் என்பதே. ரோல் கற்கத் தொடங்குபவர் மூக்கை மூடிக்கொண்டு, பதற்றமின்றி உடலசைவைக் கற்கட்டும். அசைவு கைவந்த பிறகு, மூக்கைத் திறந்துவைத்து மூச்சுவிட்டபடி அதே ரோலைப் பழகட்டும்.

இதுவரை சொன்னது தலை நீருக்கடியில் இருக்கும் நேரத்தைப் பற்றி. நீரின் தன்மை என்ற இரண்டாவது அளவுகோலை மருத்துவ ஆய்வுகள் முன்வைக்கின்றன. 1992-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டு நீர்த்தடங்களில் கேனோ ஓட்டியவர்களை ஒப்பிட்டது. ஒன்று மாசுபட்ட சமவெளி ஆற்றிலிருந்தும் மற்றொன்று தூய மலையாற்றிலிருந்தும் நீர் பெற்றது. முதல் தடத்தில் ஓட்டியவர்களுக்கு வயிற்று உபாதைகளோடு மூக்கு, தொண்டை சார்ந்த நோய்க்குறிகளும் அடுத்த ஒரு வாரத்துக்குள் கூடுதலாகத் தோன்றின. நீர் வாய்வழியாகவும் போகும் என்பதால் கிளிப் இதற்கு முழுக் கவசமாகாது.

நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபாவின் கதை வேறு. வெதுவெதுப்பான நன்னீரில் பெருகும் இது, விழுங்கினால் நோய் தருவதில்லை. மூக்கின் வழியே ஏறி, மோப்ப நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை அடைந்தால் மட்டுமே கொல்கிறது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 பேரில் உயிர் பிழைத்தவர்கள் 4 பேர் மட்டுமே. 2016 ஜூன் மாதம் வட கரோலினாவின் சார்லட் நகரிலுள்ள செயற்கை நீர்த்தடத்தில் ராஃப்ட் கவிழ்ந்த 18 வயது இளம்பெண் ஒருவர் இந்நோயால் இறந்தார். அந்தத் தடத்தில் எடுக்கப்பட்ட 11 நீர் மாதிரிகளிலும் அமீபா இருந்தது. தடம் மூடப்பட்டு ஆகஸ்டில் மீண்டும் திறந்தது. இந்த நோய் மிக அரிது. அதன் பெயரால் யாரையும் ஆற்றிலிருந்து விரட்டுவது முறையாகாது. ஆனால் நுழைவாயில் ஒன்றே ஒன்றாக இருக்கையில், அதை மூடச் சிறு கிளிப் ஒன்று கிடைக்கும்போது, மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு அண்டையிலேயே இரண்டு அளவுகோல்களும் சந்திக்கின்றன. கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் மலபார் நதித் திருவிழா நடக்கிறது. பல நாட்டுக் கயாக் வீரர்கள் வருகிறார்கள். அதே மாவட்டத்தில் 2024-இல் அமீபா மூளைக்காய்ச்சல் நோயாளிகள் கண்டறியப்பட்டனர்; கேரள அரசு அந்த ஆண்டு நோய்க்கான வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. ஆடி மாத மலைவெள்ளம் குளிர்ந்தது, விரைந்தோடுவது. போட்டி நாட்களில் அச்சம் குறைவு. போட்டிக்கு முந்தைய மாதங்களில் தேங்கிய குளத்திலும் வற்றிய ஆற்று மடுவிலும் ரோல் பழகும் உள்ளூர் இளைஞர்கள்தான் கவலைக்குரியவர்கள். ஒரே மாலையில் திரும்பத் திரும்பக் கவிழ்பவர்கள் அவர்கள். மூக்குக்குள் வெயிலில் சூடேறிய நீர் ஏறுவதும் அவர்களுக்கே. படகுக் கழகங்கள் தலைக்கவசத்தோடு கயிறு கட்டிய கிளிப்பையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கோடையில் தேங்கிய நீரில் திறந்த மூக்குப் பயிற்சியைத் தவிர்த்து, அந்தக் கட்டத்தைக் குளோரின் கலந்த நீச்சல் குளத்துக்கு மாற்ற வேண்டும்.