பெயருக்குக் காத்திருக்கும் வேட்டைக்காரன்

பாளையங்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்குக் கடப்பாரை முனையை மழுக்கும் பாறை பழக்கமானது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பகுதியும் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைதான். டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அது உருவாகிவிட்டதால், அதில் டைனோசர் எலும்புக்கு இடமே இல்லை. எலும்பு தங்க ஆறோ கடலோ படிய வைத்த மண் வேண்டும். அந்த மண் வடக்கே அரியலூரில் இருந்தது. ஆனால் அங்கே முதலில் எலும்பைக் கண்டவர் எலும்பு தேடி வந்தவரல்ல.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இளம் அதிகாரி ஹென்றி பிளான்ஃபோர்டு, அன்றைய திருச்சி மாவட்டத்துப் பாறைகளுக்கு வரைபடம் போட வந்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளை மூன்றாகப் பிரித்தார். போகுமிடமெல்லாம் கடல் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடந்தன. கல்லமேடு கிராமத்தருகே மட்டும் பெரிய எலும்புத் துண்டுகள் தென்பட்டன. லண்டனில் ரிச்சர்ட் ஓவன் 1842இல் 'டைனோசர்' என்ற பெயரை உலகுக்குக் கொடுத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. பிளான்ஃபோர்டு 1862இல் தன் அறிக்கையை வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி, பருவமழையைக் கணிக்கப் போய்விட்டார். கல்லமேட்டு எலும்புகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

பிளான்ஃபோர்டின் அறிக்கைக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1856இல், அமெரிக்காவில் வேறொரு சம்பவம் நடந்திருந்தது. மொன்டானா பகுதியில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, ஜோசப் லெய்டி 'டிரூடான்' என்று ஒரு பெயரைச் சூட்டினார். பல்லி இனம் என்றே அவர் நினைத்தார். அது வேட்டையாடும் சிறு டைனோசரின் பல் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஒற்றைப் பல்லின் மேல் ஏற்றி வைத்த அந்தப் பெயர் எத்தனை காலம் தாங்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கல்லமேட்டுக்கு அடுத்து வந்தவர் சார்லஸ் மேட்லி. ஜபல்பூரின் பாராசிம்லா குன்றில் டைனோசர் எலும்புகளைத் தோண்டியெடுத்தவர் அவர். சில முதுகெலும்புத் துண்டுகளை வைத்து 1933இல் 'லேவிசூக்கஸ்' என்ற சின்ன வேட்டை டைனோசருக்குப் பெயரிட்ட இருவரில் ஒருவர். திருச்சி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929இலேயே கட்டுரை எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டு அரியலூர் மண் வாய் திறக்கவில்லை. திறந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

1979இல் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். டைனோசருக்குப் பெயர் வைக்கச் சில விதிகள் உண்டு. பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்று இரண்டு சொற்கள் வேண்டும். விவரம் அச்சில் வெளியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயரைச் சுமக்க ஒரு மூல மாதிரி எலும்பு வேண்டும். பெயரில் ஊர், ஆறு, ஆள் எது வேண்டுமானாலும் வரலாம். அவர்கள் வைத்த பெயர் 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி'. மண்ணுக்கும் மரியாதை, முன்னோடிக்கும் மரியாதை. முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசார் இனம் என்றார்கள். அந்த இனம் மற்ற இடங்களில் அழிந்து வெகுகாலம் கழிந்த பாறையில் அது கிடைத்திருந்தது. அந்த இடத்துக்கே போய்ப் பார்த்த தொல்லுயிர் ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜியோ, 1990களில் ஒரு குண்டைப் போட்டார்: அவை டைனோசர் எலும்புகளே அல்ல, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் எலும்புகள்!

அந்தச் சர்ச்சைக்கு முன்பே அதே இருவர் இன்னும் பெரிய அதிசயத்தைக் கண்டிருந்தார்கள். கல்லமேட்டில் கிடைத்த கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். டைரனோசரஸின் அதே எலும்பு இதில் பாதியைச் சற்றே தாண்டும். 1980களின் இறுதியில் 'பிருகத்காயோசாரஸ் மேட்லியி' என்ற பெயரில், பிரம்மாண்டமான மாமிச உண்ணியாக அது உலகத்துக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளில் கதை தலைகீழானது. அது வேட்டை விலங்கல்ல, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சரிபார்க்க எலும்பைத் தேடியபோது எலும்பே இல்லை. உதிரும் தன்மையுள்ள அந்த எலும்புகள், எடுத்துவரப் பொதிந்து கட்டிய கட்டுக்குள்ளேயே நொறுங்கிப்போயிருந்தன. மிஞ்சியவை படங்களும் ஒரு மாபெரும் பெயரும்தான். கல்லமேட்டில் உண்மையான வேட்டைக்காரன் யாருமே இல்லையா?

பதில் பெரிய எலும்பிலிருந்து வரவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத், லண்டனில் பணியாற்றிய அஞ்சலி கோஸ்வாமி ஆகியோர் அடங்கிய குழு, கல்லமேட்டு மண்ணில் சிற்றுயிர்களின் எச்சங்களைத் தேடியது. மண்ணைக் கழுவிச் சலித்து, மிஞ்சியதைத் துகள்துகளாக ஆராய்வது இதற்கான வழி. மீன், ஆமை, முதலைத் துண்டுகளுக்கிடையே மில்லிமீட்டரில் அளக்க வேண்டிய ஒரு பல் அகப்பட்டது. பின்புறம் வளைந்து, ஓரத்தில் கொக்கி போன்ற பெரிய ரம்பக் கூர்களோடு இருந்தது. அந்தக் கூர்கள் காட்டிய குடும்பத்தை அங்கே யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அது டிரூடான் குடும்பம். லெய்டி பெயர் வைத்த அதே பல்லின் குடும்பம்! உடலுக்கு மிஞ்சிய மூளை, பெரிய கண், காலில் அரிவாள் நகம் கொண்ட சின்ன வேட்டைக்காரர்கள். அதுவரை அவர்கள் வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டவர்கள். இந்தப் பல் விழுந்த காலத்தில் இந்தியாவோ மடகாஸ்கரைப் பிரிந்து கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நிலம். 2013இல் ஆய்வு வெளியானது. கட்டுரையில் பல் இருந்தது, குடும்பம் இருந்தது, ஊர் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

அந்தக் குழு பெயரிடாமல் நிறுத்திக்கொண்டதற்கு வரலாறே நியாயம் சொல்கிறது. 2017இல் கனடா ஆய்வாளர்கள், டிரூடானின் மூல மாதிரியான ஒற்றைப் பல்லைக் கொண்டு இன்ன இனம் என்று பிரித்தறிய முடியாது என்றார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கிய பெயர் ஆட்டம் கண்டது. அரியலூரிலும் இரண்டு பெரும் பெயர்கள் தவிக்கின்றன: ஒன்றின் எலும்பு யாருடையது என்பதில் சர்ச்சை, மற்றொன்றுக்கு எலும்பே இல்லை. கல்லமேட்டு வேட்டைக்காரனுக்கோ பெயர் இல்லை. ஆனால் பல் இருக்கிறது, யாரும் அதை மறுபடி எடுத்துச் சோதிக்கலாம். ஒரு தாடை கிடைத்த நாளில் பெயர் வைத்துக்கொள்ளலாம். எலும்பு முதலில், பெயர் பிறகு. அறிவியலில் நிலைத்த பெயர்களெல்லாம் அந்த வரிசையில் பிறந்தவைதான்.