கல், கயிறு, கண்ணாடி, காற்று: மன்னார்க் கடலின் மலிவுச் சாமான்கள்

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் இருக்கும் நண்பரின் மகனுக்கு ஸ்கூபா முக்குளிப்புக் கற்கும் ஆசை வந்திருக்கிறது. தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வேலை, சம்பளம் அளவானது. குறைந்த செலவில் என்னென்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டவன், கூடவே இன்னொன்றும் கேட்டான். தூத்துக்குடிப் பக்கம் வெறும் ஏர் கம்ப்ரஸரையும் ரப்பர் குழாயையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கடலடியில் இருக்கிறார்களாமே, அந்தக் கம்ப்ரஸர் பட்டறையிலேயே இருக்கிறதே, பிறகு லட்சம் ரூபாய்ச் சாமான் எதற்கு?

கேலியாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. குறைந்த செலவில் கடலடிக்குப் போவது எப்படி என்ற கணக்கை மன்னார் வளைகுடாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வேறுபாடு: அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் இறங்கியவர்கள் அல்லர்.

பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க வணிகக் கையேடு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளே செய்தார்கள் என்று அது கூறுகிறது. அயல்நாட்டு மாலுமி காதில் விழுந்ததை எழுதியிருக்கலாம். பரதவரின் குலத்தொழிலாகவே நாம் அறிந்த ஒன்றை இப்படி ஒரே வரியில் கைதிகள் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் கரையில் நின்று பார்த்த ஒருவனுக்கு அது தண்டனைபோலத் தோன்றியிருக்கிறது.

முத்துக்குளிப்பவனின் சாமான்கள் என்னென்ன? ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1803-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சிக் கரையில் நடந்த சலாபத்தை விவரித்திருக்கிறார். ஒரு படகில் தண்டல் நீங்கலாக இருபது பேர். பத்துப் பேர் குளிப்பவர்கள். மற்றவர்கள் துடுப்புப் போடவும் கயிறு இழுக்கவும். படகுக்கு ஐந்து கற்கள். செந்நிறக் கருங்கல்லைக் கூம்பாகச் செதுக்கி, குறுகிய முனையில் துளையிட்டுக் கயிறு கோத்தவை. ஐவர் இறங்கி ஏறியதும் அடுத்த ஐவர் அதே கற்களில் இறங்குவர். குளிப்பவன் வலக்கால் விரல்களால் கல்லின் கயிற்றைப் பற்றிக்கொள்வான்; இடக்கால் விரல்களில் வலைப்பை. வலக்கையில் மற்றொரு கயிறு. இடக்கை மூக்கைப் பொத்தியிருக்கும். தரையைத் தொட்டதும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூச்சு உள்ளவரை சிப்பிகளை வாரிப் போட்டு, கயிற்றை ஆட்டி மேலே இழுக்கச் சொல்வான். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை.

கல், இரண்டு கயிறு, ஒரு வலைப்பை. இதைவிட மலிவாக முக்குளிக்க முடியாது. உற்று நோக்கினால் இதற்குள் நல்ல பொறியியலும் இருக்கிறது. கல் அவனை விரைவாக இறக்குகிறது. நீந்தி இறங்கினால் செலவாகும் மூச்சு மிச்சமாகிறது. மேலே வரும்போதும் அவன் உழைப்பதில்லை, படகில் இருப்பவன் இழுக்கிறான். கல்லைத் தனியே இழுத்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாமே ஒரு மூச்சை நீட்டிப்பதற்கான ஏற்பாடு.

அந்த ஒரு மூச்சு எவ்வளவு? நெஞ்சு நிறைய இழுத்தால் ஆறு லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு, ஆறு லிட்டர் அங்கே இரண்டு லிட்டருக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். நெஞ்சுக்கூடு இதைத் தாங்கும். தாங்காதது செவிப்பறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்யாவிட்டால் சில மீட்டர்களிலேயே வலி தொடங்கும், கல்லோ காத்திருக்காது. மேலே வந்தவர்களின் வாய், காது, மூக்கு வழியே நீரும் அடிக்கடி இரத்தமும் வந்ததைப் பெர்சிவல் பதிவு செய்கிறார். அவர்கள் அதற்காக ஓய்ந்துவிடவில்லை, மறுமுறை இறங்கினார்கள் என்றும் சொல்கிறார். 1797-இல் அஞ்செங்கோவிலிருந்து வந்த ஒருவன் முழுதாக ஆறு நிமிடம் நீரடியில் இருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். கல்லைப் பிடித்து இறங்கிச் சிப்பி வாரும் ஆளுக்கு ஆறு நிமிடம் என்பதை நான் நம்பத் தயங்குகிறேன். வழக்கமான குளியல் ஒரு நிமிடத்தை ஒட்டியே இருந்தது.

பாதுகாப்புக்கென்று ஒரு செலவு மட்டும் தவறாமல் செய்யப்பட்டிருக்கிறது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டி இல்லாமல் படகுகள் கிளம்பியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கும் போனது என்கிறார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசும் கடற்கட்டியைத் தொடர்ந்து வைத்திருந்தது. மூடநம்பிக்கை என்று சிரிப்பது எளிது. அச்சம் குறைந்தவனின் இதயம் மெதுவாகத் துடிக்கும், அவன் மூச்சும் நீடிக்கும். அந்த வகையில் கடற்கட்டியும் ஒரு முக்குளிப்புச் சாமான்தான்.

இதே சலாபங்களுக்கு வளைகுடா நாடுகளிலிருந்து வந்த அரபிகள் கொம்பால் செய்த சிறிய மூக்குக் கவ்வி அணிந்திருந்தார்கள். காசு பெறாத பொருள். ஆனால் அது ஒரு கையை விடுவித்துவிடுகிறது. நம்மவர் மூக்கைக் கையால் பிடித்தே இறங்கினார்கள். இத்தனை ஆண்டுகள் பக்கத்துப் படகில் பார்த்தும் அது இங்கே ஏன் பரவவில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு. பழக்கம் என்பது விலையைவிடப் பெரிய தடை போலும்.

மறுமுனையில் விலை உயர்ந்த சாமானும் இருந்தது. அகஸ்டஸ் சீபே 1837-இல் முழு உடையோடு பொருத்திய செம்புத் தலைக்கவசத்தை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் முத்துச்சிப்பி எடுக்க அதைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். ஈயக் காலணியும் மார்பு எடையும் சேர்த்தால் ஓர் ஆளின் எடைக்கு நிகரான பாரம். கைப்பம்பு, அதைச் சுற்ற ஆட்கள், தாங்கும் படகு எல்லாம் வேண்டும். மன்னாரில் அது குளியாட்களின் இடத்தைப் பிடிக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மீதி ஒரு பங்கைப் படகுக்காரரும் தண்டலும் குளிப்பவரும் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி நடைமுறை. காசு போட்டு ஆளை இறக்கத் தேவையில்லாத இடத்தில் யார் செம்புக் கவசம் வாங்குவார்கள்? 1906-இல் இலங்கைப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த லண்டன் கம்பெனியும் சில ஆண்டுகளிலேயே நட்டப்பட்டு மூடிக்கொண்டது. பார்களில் சிப்பியே இல்லை.

ஆக, பெரும் மாற்றத்தைக் கொண்டு வந்தது கவசம் அன்று, சாதாரணக் கண்ணாடி. மனிதக் கண் ஒளியை வளைப்பது காற்றும் விழிப்படலமும் சந்திக்கும் இடத்தில். நீர் நேரடியாகப் படலத்தைத் தொட்டால் அந்த ஆற்றல் ஏறக்குறைய முழுதும் போய்விடும், எல்லாம் மங்கல். முத்துக்குளித்தவர்கள் பல நூற்றாண்டுகள் அந்த மங்கலில் தடவித்தான் வாரினார்கள். கண்ணுக்கு முன் ஓர் அங்குலக் காற்றை அடைத்து வைத்தால் தெளிவு திரும்பிவிடுகிறது. பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடிச் சங்குக்குளிப்பவர்கள் கண்ணாடி அணிந்தார்கள், காலில் தகடு கட்டிக்கொண்டார்கள். கல் தேவையற்றுப் போயிற்று. இன்றும் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களின் சாமான்கள் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, ரப்பர் செருப்பு, வலைப்பை ஆகியவையே.

மூச்சின் கட்டுப்பாட்டை உடைத்தது 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் செய்த கருவி. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காகக் காஞ்ஞான் அமைத்த வால்வுதான் அதன் மூலம். இழுத்தால் மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்று வரும். பத்தாண்டுக்குச் சற்று மேல் கழிந்ததும் அது நம் கடலுக்கு வந்துவிட்டது. 1956-இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் அக்கடல்களில் மூழ்கினார்கள். 1620-களில் போர்த்துகீசியர் இடித்த திருக்கோணேச்சரத்தின் கல்தூண்களை மலையடியின் கடலில் வில்சன் கண்டார். இங்கே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் இருவரும் 1960-களில் முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் நேரில் மூழ்கி ஆராய்ந்து எழுதினார்கள். கிளார்க்கின் புகழில் நூற்றில் ஒரு பங்கும் இவர்களுக்குக் கிட்டவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த முத்துச் சலாபம் 1961-உடன் நின்றுபோனது. ஆகவே இவர்கள் பார்த்தது ஒரு தொழில் முடிந்த இடத்தை.

இந்தப் புதிய கருவியில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. முத்துக்குளிப்பவன் கரையில் நிரப்பிய காற்றோடு இறங்கி அதே காற்றோடு ஏறுகிறான். அது சுருங்கி, பழைய அளவுக்கே விரிகிறது. ஸ்கூபாவில் பத்து மீட்டரில் நுரையீரலை நிரப்பி மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் மேற்பரப்பில் அது இரு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியும். மூச்சடக்குவது இரண்டாயிரம் ஆண்டுத் தொழிலின் முதல் திறமை. ஸ்கூபா வகுப்பில் முதல் நாள் சொல்லித் தரும் விதியோ, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது.

இனி கம்ப்ரஸர். பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று அடங்கும். கையிருப்பாக 50 பார் விட்டால் 1800. நிமிடத்துக்கு இருபது லிட்டர் இழுப்பவனுக்குப் பத்து மீட்டரில் நாற்பத்தைந்து நிமிடம், இருபது மீட்டரில் அரை மணி. காற்று தீர்கிறதே என்று புதியவர்கள் வருந்துவார்கள். ஆனால் அது தீர்வதாலேயே அவர்கள் மேலே வருகிறார்கள். கம்ப்ரஸர் காற்று தீர்வதில்லை. மணிக்கணக்கில் ஆழத்தில் இருக்கும் உடலில் நைட்ரஜன் கரைந்துகொண்டே போகும். வேகமாக ஏறும்போது சோடா பாட்டிலைத் திறந்தாற்போலக் குமிழியாகும். மூட்டு வலி, பக்கவாதம், சாவு. தெளிப்பு வேலைக்கான கம்ப்ரஸரின் எண்ணெய்ப் புகை குழாய் வழியே நுரையீரலுக்குப் போகும். என்ஜினின் புகைக்குழல் பக்கம் காற்றடித்தால் கார்பன் மோனாக்ஸைடும் சேரும். குழாய் மடங்கினால் கையிருப்பு ஏதுமில்லை. தடை இருந்தும் சங்குக்காக அப்படி இறங்குகிறவர்களுக்குக் கடனும் குடும்பமும் காரணம். ஞாயிற்றுக்கிழமை மீன் பார்க்கப் போகிறவனுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது? ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, கைக்கணினி மூன்றும் சேர்ந்தால் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆண்டுப் பராமரிப்பு தனி. கற்கும் காலத்தில் இவை பயிற்சிக் கட்டணத்திலேயே அடங்கிவிடும், பிறகும் வாடகைக்குக் கிடைக்கும். ஆண்டுக்கு நான்கு முறை மூழ்குகிறவன் இவற்றை வாங்குவது வீண். பழைய ரெகுலேட்டரை மலிவாகத் தருகிறார்கள் என்றால், யார் எப்போது பழுது பார்த்தார்கள் என்று சீட்டுக் கேட்க வேண்டும். பழைய சிலிண்டரின் கழுத்தில் நீரழுத்தச் சோதனைத் தேதி குத்தப்பட்டிருக்கும். காலம் கடந்ததை வாசலிலேயே திருப்பிவிடலாம்.

சொந்தமாக வாங்க வேண்டியது முகக்கண்ணாடி. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். நீச்சல்குளக் கண்ணாடி உதவாது. மூக்கும் உள்ளே இருந்தால்தான் ஆழத்தில் ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய முடியும், இல்லையேல் கண்ணில் இரத்தம் கட்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அது அந்த முகத்துக்கு உரியது. விலை அதிகமான கண்ணாடி விழுந்து, மலிவானது ஒட்டினால் மலிவானதையே எடுக்கலாம். புதிய கண்ணாடியின் உட்புறத்தில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், பற்பசை தேய்த்துக் கழுவினால் போய்விடும். அதற்குப் பின்னும் நீரில் ஆவி படியும். இறங்குமுன் உள்ளே எச்சிலைத் துப்பித் தேய்த்து அலசிவிடுவார்கள்.