எவரெஸ்ட் ஏறும் பருவம்

நேபாளத்துக்கும் திபெத்துக்கும் எல்லையாக 8,848.86 மீட்டர் உயரத்தில் நிற்கும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுவதற்கு மிகவும் ஏற்ற காலம் மே மாதத்தின் பின்பாதி. உச்சியை அடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தச் சில நாட்களிலேயே அடைந்திருக்கின்றனர். குளிர்காலக் கடுங்காற்று விலகிய பிறகு, பருவமழை வந்து சேரும் முன் கிடைக்கும் குறுகிய அமைதியே இதற்குக் காரணம்.

காற்று, பனி, அழுத்தம்

வளிமண்டலத்தின் உயர் அடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் இமயமலையை ஒட்டி நிலைகொள்கிறது. அப்போது உச்சியில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசுவதுண்டு. அதில் நிற்பதே அரிது. மூடாத தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறும்போது இந்தக் காற்றோட்டம் வடக்கே நகர்கிறது. உச்சி அமைதியடைவது அப்போதுதான்.

அந்த அமைதி நீடிப்பதில்லை. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் பருவமழை, வழக்கமாக ஜூன் மாதத்தில் கிழக்கு நேபாளத்தை எட்டுகிறது. தாழ்வான பகுதிகளில் மழையாகப் பெய்வது உயரத்தில் பனியாகக் குவிகிறது. இறுகாத புதுப்பனி சரிவுகளில் தங்காமல் பனிச்சரிவாக இறங்குகிறது. 1922 ஜூன் 7 அன்று வடக்குக் கணவாய்க்கு ஏறிய பிரிட்டிஷ் குழுவின் சுமைதூக்கிகள் ஏழு பேர் இப்படிப்பட்ட சரிவில் சிக்கி இறந்தனர்.

காற்றழுத்தமும் பருவத்தோடு மாறுகிறது. உச்சியில் அது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. குளிர்காலத்தில் இன்னும் குறைந்து, கோடையில் சற்றுக் கூடுகிறது. ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறுபவருக்கு இந்தச் சிறு வேறுபாடும் பெரிது.

வசந்தகால ஏற்றம்

ஒரே மூச்சில் ஏறி முடிக்கக்கூடிய மலை அல்ல இது. குழுக்கள் பொதுவாக ஏப்ரல் தொடக்கத்தில், நேபாளப் பக்கத்தில் சுமார் 5,360 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைகின்றன. அனுபவம் மிக்க ஷெர்பாக்கள் கும்பு பனியாறு உடைந்து இறங்கும் பகுதியில் ஏணிகளும் கயிறுகளும் பொருத்தி வழி அமைக்கின்றனர். ஏறுபவர்கள் உயர முகாம்களுக்குச் சென்று இறங்கி, பல வாரங்களில் உடலை மெல்லிய காற்றுக்குப் பழக்குகின்றனர். உடல் ஆயத்தமாகும் நேரமும் காற்று தணியும் நேரமும் மே நடுவில் ஒன்றுகூடுகின்றன.

இந்தப் பருவத்தின் தனிச் சிறப்பு, காத்திருப்பு பயன் தருவது. நாள் செல்லச் செல்லக் குளிர் குறைந்து பகல் நீள்கிறது. 1953 மே 27 அன்று தெற்குக் கணவாயில் பலத்த காற்று தடுத்ததால் காத்திருந்த எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் மே 29 அன்று முதன்முதலாக உச்சியை அடைந்தனர். 1960, 1962 ஆகிய ஆண்டுகளின் இந்தியக் குழுக்கள் உச்சியை நெருங்கியும் மோசமான வானிலையால் திரும்பின. மோகன் சிங் கோலி தலைமையிலான 1965 குழு ஏப்ரல் இறுதியில் காற்றுக்குப் பணிந்து அடிவாரத்துக்கு இறங்கியது. பொறுத்திருந்து மீண்டும் ஏறி, மே 20 முதல் 29 வரை ஒன்பது பேரை உச்சியில் நிறுத்தியது.

பிற பருவங்கள்

பருவமழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் இரண்டாவது வாய்ப்பு வருகிறது. அப்போது வானம் தெளிவாக இருந்தாலும் மழைக்காலப் பனி வழியெங்கும் ஆழமாகக் கிடக்கும். இங்கே காலம் ஏறுபவருக்கு எதிராக ஓடுகிறது: தாமதிக்கத் தாமதிக்கப் பகல் சுருங்கி, குளிர் மிகுந்து, கடுங்காற்று திரும்பிவிடுகிறது. 1952 இலையுதிர் காலத்தில் முயன்ற சுவிட்சர்லாந்துக் குழுவைக் குளிரும் காற்றும் திருப்பி அனுப்பின. இப்பருவத்தில் முதல் வெற்றி 1973 அக்டோபரில் ஜப்பானியக் குழுவுக்குக் கிடைத்தது.

மற்ற இரு பருவங்களும் அரிதான முயற்சிகளுக்கே உரியவை. 1980 பிப்ரவரி 17 அன்று போலந்தின் லெஷெக் சிஹியும் கிஷிஸ்டோஃப் வியெலிட்ஸ்கியும் குளிர்காலத்தில் முதன்முறையாக உச்சியை எட்டினர். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, மழைக்கால இடைவெளி ஒன்றில், ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் தனியாகவும் ஆக்சிஜன் உருளை இல்லாமலும் திபெத் பக்கமிருந்து ஏறினார்.

முன்னறிவிப்பும் நெரிசலும்

பருவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நாளும் சரியாக அமைய வேண்டும். 1996 மே 10 அன்று மாலை வீசிய புயலில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். 1953 குழு வானொலி வழியே வானிலை அறிக்கை கேட்டது. இன்று குழுக்கள் உச்சிக் காற்றின் வேகத்தைப் பல நாட்களுக்கு முன்பே கணித்துப் பெறுகின்றன. எல்லோரும் ஏறத்தாழ ஒரே கணிப்பைப் பார்ப்பதால் நல்ல நாட்களில் கூட்டம் திரள்கிறது. 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே நீண்ட வரிசை நின்றது. 8,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு மணி நேரக் காத்திருப்பும் ஆக்சிஜனையும் உடல்வெப்பத்தையும் தின்கிறது. அதனால், உச்சிப் பயணத்தை ஓரிரு நாட்கள் தள்ளிவைக்கும் குழுக்களும் உண்டு.

அரசுக் கட்டணமும் பருவத்தைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் முதல் நேபாளம் வெளிநாட்டவரிடம் வழக்கமான தென்வழிக்கு வசந்தத்தில் 15,000 டாலரும், இலையுதிர் காலத்தில் 7,500 டாலரும், மற்றப் பருவங்களில் 3,750 டாலரும் பெறுகிறது.

மலைக்கு மலை மாறும் காலம்

மே மாதம் எல்லாப் பனிமலைகளுக்கும் பொருந்தாது. பருவமழை வலுவிழந்து சேரும் காரகோரம் மலைத்தொடரில் உள்ள கே2 சிகரம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏறப்படுகிறது. அதன் முதல் ஏற்றம் நிகழ்ந்தது 1954 ஜூலை 31. அலாஸ்காவின் டெனாலிக்கு மே முதல் ஜூலை தொடக்கம் வரையும், தென் அரைக்கோளத்தின் அகோன்காகுவாவுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் ஏற்றவை. உச்சிக் காற்று எப்போது தணிகிறது, புதுப்பனி எப்போது இறுகுகிறது, உடலைப் பழக்க எத்தனை வாரம் வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே ஒவ்வொரு மலைக்கும் பருவம் குறிக்கப்படுகிறது.