விருந்தும் துணைப் பதார்த்தங்களும்

1954 நவம்பர் வரையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வடபால், மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பாதையில் அமைந்த கோட்டக்குப்பத்தில், தமிழ் முஸ்லிம்களின் கலியாண விருந்து மாமிசத்தையே பிரதானமாகக் கொண்டதெனினும், அதற்குப் பூரணத்துவம் அளிப்பவை துணைப் பதார்த்தங்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுக்காரருக்கு ஸ்டேக் என்னும் மாட்டிறைச்சித் துண்டத்தோடு பொரித்த உருளைக்கிழங்கு இன்றியமையாதது. அக்கிழங்கோ, அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, நெடுங்காலம் சந்தேகத்துக்குள்ளாகி, 18-ஆம் நூற்றாண்டில் பர்மாந்தியே என்ற மருந்தியலறிஞர் இடைவிடாது வாதாடிய பிறகே பிரான்சில் மதிப்புப் பெற்றது.

இங்கோ, நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் உற்ற துணை தால்ச்சா. பருப்பைக் குழைய வேகவைத்து, ஆட்டெலும்பும் கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்து, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க வைக்கும்போது, எலும்பின் சாரம் பருப்பில் இறங்குகிறது. நெய்யின் கனத்தைப் புளிப்புத் தணிக்கிறது. கறி எடுத்த எலும்பையும் வீணாக்காத அந்தச் சமையல் விவேகம் வணக்கத்துக்குரியது. அருகில் தயிரில் ஊறிய வெங்காயம், காரத்தின் உக்கிரத்தை ஆற்றுகிறது.

ஹைதராபாத்திலும் பிரசித்தி பெற்ற இந்தத் தால்ச்சா, கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களோடு பினாங்கு சென்று, அங்கே மலாய்க்காரர் விருந்திலும் நிரந்தர ஸ்தானம் பெற்றுவிட்டது.