சோழி கொண்டு சந்திரனைக் கணித்தவர்



கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது என் தொழில். இன்ன வேலையை இன்ன வரிசையில் செய்க என்று, ஐயத்துக்கு இடமின்றி வகுத்துக் கொடுப்பதே அதன் சாரம். அவ்வாறு வகுத்த படிமுறையை 'அல்காரிதம்' என்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. சொல் புதிதாயினும் அக்கலை நமக்குப் புதிதன்று.

தைப்பூச நாளில் நெல்லையப்பர் தாமிரபரணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். சந்திரன் பூச நட்சத்திரத்தில் நிற்கும் நாள் எது என்று முன்கூட்டியே சொல்வது பஞ்சாங்கம். தொலைநோக்கியும் இயந்திரமும் இல்லாத காலத்தில் அதை எவ்வாறு கணித்தனர்? பொதிகை மலைக்கு மேற்கே கேரளத்திலும், கிழக்கே தமிழகத்திலும் வழங்கிய 'வாக்கிய' முறையே அதற்கு விடை.

சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமியை நெருங்கும்போது விரைந்தும், விலகும்போது தாழ்ந்தும் செல்கிறது. இந்த வேக மாற்றம் ஏறக்குறைய 27½ நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இத்தகைய 9 சுற்றுகள் சேர்ந்தால் 248 நாட்கள் ஆகின்றன. ஆகவே 248 நாட்களுக்கும் சந்திரன் செல்லும் தொலைவை ஒருமுறை கணித்து வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்கிட வேண்டுவதில்லை. வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் இப்பட்டியலே ஆகும். இன்று நிரல் எழுதுவோரும், அடிக்கடி வேண்டும் விடைகளை முன்னரே கணித்து அட்டவணையாகச் சேமித்து வைக்கிறோம்.

அவர்களுடைய சேமிப்பறை மனித நினைவு. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் தந்து, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்தனர். 'தேவரம்' என்னும் சொல்லில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாக வாசித்தால் 248. 'கலாநிலம்' 3031, 'ரசகரிக' 12372. இவ்விரு பெரிய எண்களும் சந்திரனின் வேகச் சுற்றை மேலும் நுட்பமாகத் தழுவிய நாள் தொகைகளே. 3031 நாட்களில் 110 சுற்றுகளும், 12372 நாட்களில் 449 சுற்றுகளும் முடிகின்றன.

நீங்களே செய்து பாருங்கள். குறித்த தொடக்க நாளிலிருந்து 20000 நாட்கள் கடந்தன என்று கொள்வோம். 12372-ஐ ஒருமுறை கழித்தால் மீதி 7628. அதிலிருந்து 3031-ஐ இருமுறை கழித்தால் மீதி 1566. அதிலிருந்து 248-ஐ ஆறுமுறை கழித்தால் மீதி 78. எனவே 78ஆம் வாக்கியத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய கூட்டுத் தொகையை அதனோடு சேர்க்க வேண்டும். 248 நாளுக்கு அது 27 பாகை 44 கலை. தொடக்க நாளில் சந்திரன் நின்ற இடத்தையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும். இருபதாயிரம் நாட்களின் கணக்கு ஒன்பது கழித்தல்களில் அடங்கிவிட்டது!

இம்முறையை அயல்நாட்டார் இருவர் சோதித்தனர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண வந்த பிரெஞ்சு வானியலார் லெ ழான்தீல், 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அதைக் காணாது ஏமாந்தார். ஆயினும் தமிழர் கணித முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணையோ 68 விநாடி கூட்டிச் சொன்னது.

1825இல் ஜான் வாரன் என்பவர் தம் 'கால சங்கலித' நூலுக்காகப் புதுச்சேரிப் பகுதியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த சொற்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31–ஜூன் 1 கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். வானியல் கோட்பாடு ஒன்றும் அவர் அறியார் என்று வாரன் எழுதுகிறார். அவர் கணக்கில் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைபட்டன.

இவ்விரு சோதனைகளையும் சேர்த்தே நோக்க வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லிப் பெருமை கொள்வதும், இரண்டாவதை மட்டும் சொல்லி இகழ்வதும் நேர்மையாகா. படிமுறை நன்றாக வகுக்கப்பட்டிருந்தால், காரணம் அறியாதவரும் விடை காணலாம். அது அதன் வலிமை. ஆனால் பிழை நேரும்போது, காரணம் அறியாதவரால் அதைத் திருத்த முடியாது. அது அதன் ஆபத்து. நிரல்களுக்கும் இது பொருந்தும். ஒரு சோதனையில் வென்ற நிரல் மறு சோதனையில் தோற்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

நம் முன்னோருள் திருத்தியவர்களும் இருந்தனர். 14ஆம் நூற்றாண்டில் பிறந்த கேரளத்து மாதவர் சந்திர வாக்கியங்களை விகலை அளவுக்கு நுட்பமாக்கினார். பரமேசுவரர் பல்லாண்டு வானை நோக்கி, 1431இல் 'திருக்கணிதம்' இயற்றினார். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டில், கண்ட காட்சியோடு ஒத்த பஞ்சாங்கமே வேண்டும் என்று வாதாடினார்.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் அச்சாகின்றன. இரண்டையும் வாங்கி, அடுத்த சந்திர கிரகணத்துக்கு அவை தரும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடிகாரத்துடன் வெளியே வந்து வானைப் பாருங்கள். எந்தக் கணக்கு சரியென்று சந்திரனே சொல்லட்டும்.